எழுத்து எங்கே நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் கவிதைக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள், ஓவியரின் பெயரையும் மறக்காமல் போடுகிறீர்கள். இன்றைய நிலையில் இரண்டும் பெரிய விஷயம். ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடனேயே வேலை எந்த வரிசையில் நடந்தது என்று சொல்லிவிடலாம். கவிதை தேர்வாகிறது; ஓவியருக்குப் போகிறது; படம் வந்து சேருகிறது; படத்தில் எங்கே வெற்றிடம் மிஞ்சுகிறதோ அங்கே வடிவமைப்பாளர் கவிதையை வைக்கிறார். இடம் போதாவிட்டால் எழுத்து சிறுக்கும், அல்லது வரி மடங்கும். கவிதையில் நிலா வந்தால் படத்திலும் நிலா. கவிதையில் ஒருத்தி அழுதால் படத்திலும் அழுகிறாள். வாசகருக்கு ஒரே சேதி இரண்டு தடவை கிடைக்கிறது.

கவிதை–ஓவியக் கண்காட்சிகளிலும் நிலைமை இதுதான். சட்டமிட்ட ஓவியம் ஒன்று, அதன் பக்கத்தில் ஏ4 தாளில் அச்செடுத்து ஒட்டிய கவிதை. பார்க்க வருபவர் கவிதையைப் படத்தின் விளக்கக் குறிப்பு என்று எண்ணிப் பாதியில் விட்டுவிடுகிறார்.

நாங்கள் நூல் வடிவமைப்பிலும் ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும் இருப்பவர்கள். எங்கள் பக்கத்திலிருந்து சொல்ல ஒன்றுதான் உண்டு: ஓவியர் பென்சிலைக் கையில் எடுப்பதற்கு முன்பே, எழுத்து எங்கே, எந்த அளவில், எத்தனை வரியாக நிற்கப்போகிறது என்பது முடிவாகிவிட வேண்டும். அந்த முடிவை எடுக்கும்போது கவிஞர், ஓவியர் இருவருடன் எழுத்தைக் கோப்பவரும் உடன் இருக்க வேண்டும். கூட்டு முயற்சி தோற்றால் உடனே ரசனை ஒத்துவரவில்லை, அலைவரிசை சேரவில்லை என்கிறார்கள். பெரும்பாலும் அவ்வளவு ஆழமான காரணம் எதுவும் இருப்பதில்லை. இந்தச் சின்ன முடிவை யாரும் எடுக்காமல் விட்டிருப்பார்கள்.

கவிஞர் தரப்பிலிருந்து தொடங்குவோம். கவிதையை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு ‘உங்கள் விருப்பப்படி வரையுங்கள்’ என்று சொல்வது பெருந்தன்மை போலத் தெரியும். ஓவியருக்கு அதனால் உதவி ஏதுமில்லை. அவருக்கு வேண்டியவை வேறு. இது இறுதி வடிவமா? மொத்தம் எத்தனை வரி, பத்தி இடைவெளி எங்கெங்கே? மிக நீளமான வரியில் எத்தனை எழுத்து? எந்த வரிமுறிவைத் தொடவே கூடாது, எது மாறினாலும் பரவாயில்லை? நீள வரியின் எழுத்துக் கணக்கை யாரும் கேட்பதில்லை, ஆனால் பக்கத்தின் விதியை அதுதான் தீர்மானிக்கிறது. தமிழ் எழுத்து அகலமானது, சொற்களும் நீளமானவை. 11 பாயிண்டில் 20 எழுத்துள்ள ஒரு வரிக்கு, எழுத்துருவைப் பொறுத்து, ஏறக்குறைய 7 செ.மீ. வேண்டும். 4 செ.மீ. அகலப் பத்தியில் 11 எழுத்தைத் தாண்டினாலே வரி மடங்கும். மடங்கிய துண்டு புதிய வரியைப் போல இடது ஓரத்தில் போய் நின்றால், கவிஞர் எழுதாத ஒரு வரிமுறிவை வாசகர் படிக்கிறார். மடங்கியே தீர வேண்டுமானால் அந்தத் துண்டை இரண்டு எழுத்து அகலத்துக்கு உள்ளே தள்ளி வையுங்கள். எல்லா வரியையும் நடுவில் நிறுத்துவது இதற்குத் தீர்வு ஆகாது; அப்படிச் செய்தால் எது வரி, எது மடக்கு என்பதே தெரியாமல் போகும்.

ஓவியருக்குத் தர வேண்டியது அச்சாகப்போகும் அதே அளவில் ஒரு வெற்றுத் தாள். கவிதை நிற்கும் இடத்தைச் சாம்பல் நிறக் கட்டமாக இட்டுத் தந்தால் போதாது. எழுத்தையே உரிய அளவில் கோத்து அச்செடுத்து, வெட்டி, தாள்மேல் வைத்து நகர்த்திப் பார்க்க வேண்டும். கவிதையை ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு ஓவியர் தீப்பெட்டி அளவில் நான்கைந்து சிறு மாதிரிப் படங்கள் கிறுக்கட்டும். முதல் கிறுக்கலில் பெரும்பாலும் கவிதையின் பெயர்ச்சொற்கள்தான் வந்து விழும். வரட்டும், வந்து தீர்ந்தால்தான் அடுத்தது வரும்.

ஒரு எடுத்துக்காட்டு. கீழே உள்ளவை விளக்கத்துக்காக நாங்களே கட்டிய மூன்று வரிகள். கவிதை என்று உரிமை கொண்டாடவில்லை.

கிணற்றுக்குள் விட்ட வாளி
இன்னும்
தண்ணீரைத் தொடவில்லை

இதற்குக் கிணறு, வாளி, வெடித்த நிலம், தலையில் துணி போட்ட பெண் என்று வரைந்தால் படம் முடிந்துவிடும். கவிதையும் அங்கேயே முடிந்துவிடும். ராட்டினத்தையும், கைப்பிடிச் சுவரருகே தரையில் கிடக்கும் கயிற்றையும் மட்டும் வரைந்து பாருங்கள். அந்தக் கயிற்றில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சுற்று. கயிறு தீரப்போகிறது என்பது கவிதையில் இல்லாத செய்தி. வாளி இன்னும் தண்ணீரைத் தொடவில்லை என்பது படத்தில் இல்லாத செய்தி. இரண்டும் சேரும் இடத்தில்தான் மூன்றாவது ஒன்று உண்டாகிறது.

இன்னொரு வழியும் உண்டு. 5½ × 15 அங்குலத்தில் ஒடுங்கிய, உயரமான தாள். மேல் விளிம்பில் முதல் வரி. அங்கிருந்து ஒரே ஒரு கோடு நேராகக் கீழே இறங்குகிறது. கீழ் விளிம்பை ஒட்டி மூன்றாம் வரி. நடுவில் ‘இன்னும்’. இந்த வடிவத்தைப் பார்த்ததும் கவிஞருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும்: பத்து அங்குல வெற்றுத்தாள் ‘இன்னும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் எதற்கு? அதை எடுத்துவிடலாம் என்று கவிஞர் ஒப்புக்கொண்டால் அதுதான் கூட்டு வேலை. ஒப்புக்கொள்ள மறுத்து, சொல்லைக் கோட்டின் சரிபாதியில் வைக்காமல் இன்னும் தாழ்த்தி வைக்கச் சொன்னால் அதுவும் கூட்டு வேலைதான். ஓவியம் முடிந்து சட்டத்துக்குள் போன பிறகு இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1957 இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், டாட்யானா கிராஸ்மனின் லித்தோ (கல்லில் வரைந்து அச்செடுக்கும்) பட்டறையில், கவிஞர் ஃபிராங்க் ஓஹாராவும் ஓவியர் லாரி ரிவர்ஸும் ஒரே கல்லில் சேர்ந்து வேலை செய்தார்கள். கல்லில் இடும் எழுத்து அச்சில் இடவலம் மாறும் என்பதால் கவிஞர் தலைகீழ்ப் பழக்கமாக வலமிருந்து இடமாக எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதினால் கை தானாக மெதுவாகும், வரி சுருங்கும், எஞ்சிய இடத்தில் ஓவியர் நுழைவார். தலைப்புப் பக்கத்தோடு பதின்மூன்று கல்லச்சுகள், 25 பிரதிகள், முடிக்க மூன்று ஆண்டுகள். பால் எலுவாரின் கவிதைகளுக்கு ஜோன் மிரோ மரச்செதுக்கு அச்சுகள் செய்த நூல் 1947 இல் தொடங்கி 1958 இல்தான் வெளிவந்தது. எலுவார் 1952 இலேயே இறந்துவிட்டார். 1913 இல் பாரிசில் பிளெய்ஸ் சாந்திரார் எழுதிய ரயில் பயணக் கவிதையையும் சோனியா தெலோனேயின் வண்ணங்களையும் மடிப்புத்தாளாகச் சேர்த்தபோது, விரித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம். 150 பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் ஈஃபில் கோபுரத்தின் உயரம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்; அத்தனை பிரதிகள் உருவாகவில்லை. அதில் எழுத்துருவும் எழுத்தின் நிறமும் அடிக்கடி மாறுகின்றன. எழுத்தைக் கோத்தவர் இல்லாமல் அந்தத் தாள் இல்லை.

நம் பக்கத்தில் எழுத்தின் இடத்தை முன்கூட்டியே நிர்ணயித்துச் செய்யுள் கட்டிய மரபு பழையது. நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், கோமூத்திரி என்று, எழுத்துகளை ஒரு வடிவத்துக்குள் அடக்கும் செய்யுள்களுக்கு, தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லணியியலில் வகை சொல்லி இலக்கணமும் வகுக்கிறது. நாகபந்தத்தில் பாம்புகள் பின்னிக்கொள்ளும் சந்தியில் வரும் எழுத்து இரு பக்கச் சொல்லுக்கும் பொருந்தியாக வேண்டும். கட்டத்தைப் போட்டுக்கொண்டு பிறகு சொல்லைத் தேடுகிற வேலை அது. கவித்துவம் குறைவு, வித்தை அதிகம் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு என்றே நாங்களும் நினைக்கிறோம். ஆனால் எந்த எழுத்து எங்கே நிற்கிறது என்பது பொருளின் ஒரு பகுதி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நவீன ஓவியத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்தும் எண்ணும் ஜாதகக் கட்டமும் ஓவியத்தின் உடலாகவே ஆகிவிட்டன. சிறுபத்திரிகைக் காலத்தில் கே.எம். ஆதிமூலம் போன்றவர்கள் தலைப்பெழுத்தையும் படத்தையும் ஒரே கையால் வரைந்தார்கள். அன்றைய படங்கள் கோட்டோவியங்களாக இருந்ததற்கு அழகியல் மட்டும் காரணம் இல்லை. ஈய எழுத்தோடு சேர்த்துப் பூட்ட ஜிங்க் பிளாக் (படம் பொறித்த துத்தநாகத் தகடு) வேண்டும். கோட்டுப் பிளாக் மலிவு, நிழலைச் சிறு புள்ளிகளாகக் காட்டும் ஹாஃப்டோன் பிளாக் விலை கூடியது, மட்டமான தாளில் அப்பியும் போகும். கையில் இருந்த அச்சு முறைக்கு ஏற்ப ஓவியர்கள் கோட்டைக் கூர்மையாக்கிக்கொண்டார்கள்.

அதே கணக்கு உங்கள் நியூஸ்பிரின்டுக்கும் பொருந்தும். ஏறக்குறைய 45 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 45 கிராம்) தாள், மையை உறிஞ்சும், பின்பக்கம் தெரியும். 50 சதவீதச் சாம்பல் கேட்டால் அச்சில் 75 சதவீதம் போலக் கருத்து வரும். ஓவியர் நீர்வண்ணத்தில் நுணுக்கமாகக் கட்டிய நிழலெல்லாம் இதனால் ஒரே சேறாகிறது. இன்னொரு பிழை வாரந்தோறும் கண்ணில் படுகிறது. கறுப்பு மையில் வரைந்த படத்தை வண்ணத்தில் ஸ்கேன் செய்து அப்படியே நான்கு நிறத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். ஒரே கறுப்புக் கோடு நான்கு தகடுகளில் பிரிந்து, ஒன்று கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கோட்டின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிதுங்கும். கோட்டோவியத்தை 1200 டி.பி.ஐ.யில் சுத்தமான கறுப்பு–வெள்ளைக் கோப்பாக ஸ்கேன் செய்து, கறுப்புத் தகட்டில் மட்டும் வையுங்கள். கவிதை எழுத்தும் கறுப்புத் தகட்டில் மட்டுமே. வண்ண எழுத்து வேண்டாம். படத்தின் மேல் எழுத்து வேண்டவே வேண்டாம். அதிலும் கரும் பின்புலத்தில் வெள்ளை எழுத்தாக 10 பாயிண்டில் வந்தால் மை பரவி ண, ன, ஞ, இ எல்லாவற்றின் சுழியும் அடைந்துபோகும். ஓவியர்களும் படத்தைக் கைப்பேசியில் பிடித்துப் புகைப்படமாக அனுப்பாமல், ஸ்கேன் செய்து ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும். புகைப்படமாக அனுப்பினால் செயலியே அதைச் சுருக்கிவிடுகிறது.

எழுத்துக் கோப்பில் நேரும் விபத்துகள் தனி. யூனிகோடில் வந்த கவிதையைப் பழைய குறிமுறைக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நோட்டோ செரிஃப், முக்தா மலர், கேடமரான் போன்ற எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. உரிமம் தெரியாத எழுத்துருவைக் கவிதைத் தலைப்புக்குப் பயன்படுத்த வேண்டிய தேவை இன்று இல்லை. அச்சுக்கு அனுப்பும் கோப்பில் எழுத்தைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றிவிட்டால் மற்ற கணினியில் உடையாது. ஆனால் மாற்றிய பிறகு பிழை திருத்த முடியாது, எனவே மெய்ப்பு அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இனி ஸ்கிரீன் பிரிண்டிங்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை (மெஷ்) வழியாக மையைத் தள்ளி அச்சிடும் முறை. கவிஞரும் ஓவியரும் சேர்ந்து 50 பிரதி கவிதைத்தாள் போட விரும்பினால் நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். எந்திரம் வேண்டாம், நல்ல மேசையும் கீல் பூட்டிய சட்டமும் போதும். சென்னையிலேயே தாரா புக்ஸ் இந்த முறையில் கையால் அச்சிட்டு முழுப் புத்தகங்களையே கொண்டுவந்திருக்கிறது.

கைத்தாள் 22 × 30 அங்குலத்தில் கிடைக்கும். நான்காக வெட்டினால் 11 × 15 அங்குலம். 50 பிரதியும், ஓவியர், கவிஞர், அச்சிடுபவர் கையில் வைத்துக்கொள்ள 5 சான்றுப் பிரதியும் என்றால் 55. மூன்று நிறம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைக்க வேண்டும்: 66. ஆகவே 17 முழுத்தாள் வாங்குங்கள், 68 வரும். கனம் 200 முதல் 300 ஜி.எஸ்.எம். கைத்தாளின் சொரசொரப்பான ஓரம் அழகுதான். ஆனால் தாளைப் பொருத்தும் மூன்று நிறுத்தக் கட்டைகளில் அந்த ஓரம் முட்டினால் ஒவ்வொரு தாளும் ஒவ்வோர் இடத்தில் உட்காரும். முட்டும் இரண்டு ஓரங்களை மட்டுமாவது நேராக வெட்டிக்கொள்ளுங்கள்.

தாளை அச்சிடும் அறையிலேயே ஒரு நாள் விரித்து வைக்க வேண்டும். கைத்தாள் ஈரக்காற்றில் விரியும், வெயிலில் சுருங்கும். முதல் நிறத்தை மழைநாளில் அடித்து, இரண்டாவதை இரண்டு வாரம் கழித்து வெயிலில் அடித்தால் 15 அங்குல நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை விலகக்கூடும். சாத்தியமானால் எல்லா நிறத்தையும் அடுத்தடுத்த நாட்களில் முடியுங்கள். இரு நிறம் சந்திக்கும் இடத்தில் அரை மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஓவியர் வரைய வேண்டும். விளிம்போடு விளிம்பு சரியாக ஒட்டும்படி வரைந்தால் வெள்ளைக்கோடு நிச்சயம்.

பரந்த நிறத்துக்கு செ.மீ.க்கு 77 அல்லது 90 இழை மெஷ், எழுத்துக்கு 120. எழுத்தையும் பரந்த நிறத்தையும் ஒரே ஸ்கிரீனில் அடக்கிச் செலவை மிச்சம் பிடிக்கத் தோன்றும். 77 இல் எழுத்தின் ஓரம் பல்லுப்பல்லாக வரும், 120 இல் நிறம் மெலிந்து திட்டுத்திட்டாகும். பாசிட்டிவ் (ஸ்கிரீனில் இறக்க வேண்டிய படத்தையும் எழுத்தையும் கறுப்பாக எடுத்த, ஒளி ஊடுருவும் தாள்) எல்லாவற்றையும் ஒரே முறையில் எடுங்கள். லேசர் பிரிண்டரின் சூட்டில் டிரேசிங் ஷீட் சற்றுச் சுருங்கும். ஒரு நிறம் ஃபிலிமிலும் இன்னொன்று டிரேசிங்கிலும் இருந்தால் எத்தனை நகர்த்தினாலும் பொருந்தாது.

எமல்ஷனை (ஒளி பட்ட இடத்தில் இறுகி, படாத இடத்தில் கழுவினால் கரையும் பசை) மெஷ்ஷின் உள்ளே ஒரு பூச்சு, வெளியே ஒரு பூச்சு தடவி இருட்டில் காயவைத்து ஒளியூட்டுகிறோம். எத்தனை நொடி என்று யாராலும் பொதுவாகச் சொல்ல முடியாது. விளக்கு, தூரம், எமல்ஷன் மூன்றையும் பொறுத்தது. ஒரே ஸ்கிரீனில் ஐந்து பட்டையாக, நேரத்தைக் கூட்டிக்கொண்டே சோதனை எடுங்கள். சோதனைக்கு எந்த எழுத்து வைக்கிறோம் என்பது முக்கியம். நிறையப் பேர் ‘அ’ வைக்கிறார்கள். அது எதையும் காட்டிக்கொடுக்காது. ‘ண்’ணும் ‘ஞ்’சும் ‘ணை’யும் வையுங்கள். ஒளி அதிகமானால் புள்ளி அடைபட்டுத் திறக்காது: ‘கண்’ என்பது ‘கண’ ஆகும், ‘பால்’ என்பது ‘பால’ ஆகும். ஒளி குறைந்தால் கழுவும்போது சுழிக்குள் இருக்கும் சிறு எமல்ஷன் தீவு அடித்துக்கொண்டு போய், சுழி முழுதும் மையால் நிரம்பும். 14 பாயிண்டுக்குக் கீழே மெல்லிய எழுத்துரு வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். அச்சிடத் தொடங்கிய பிறகும் பத்துத் தாளுக்கு ஒருமுறை எல்லாப் புள்ளியையும் எண்ணிப் பாருங்கள். மை உலர்ந்து முதலில் அடைவது புள்ளிதான்.

நீர் கலந்த மை வாசனையற்றது, கையைக் கெடுக்காது. ஆனால் சென்னைக் கோடையில் சில நிமிடம் நிறுத்தினாலே மெஷ்ஷில் உலரும். ரிடார்டர் (உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சிறிது கலந்து, ஒவ்வொரு தாளுக்கும் இடையில் ஸ்கிரீனை மையால் மூடி வைக்க வேண்டும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். ஸ்கிரீனுக்கும் தாளுக்கும் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி, இல்லாவிட்டால் தாள் ஒட்டிக்கொண்டு எழுத்தின் ஓரம் கசியும். ஸ்க்வீஜியை (மையைத் தள்ளும் ரப்பர் பட்டை) சாய்த்து ஒரே இழுப்பு, திரும்ப இழுத்தால் எழுத்து இரட்டிக்கும். வெளிர் நிறம் முதலில், எழுத்து கடைசியில். கறுப்புத் தாளில் வெள்ளை மை ஒரு இழுப்பில் சாம்பலாகத்தான் வரும். காயவிட்டு இரண்டாம் முறை அடிக்க வேண்டும், அப்போது எழுத்து தடிக்கும். அதை முன்கூட்டியே எண்ணி மெலிந்த எழுத்துருவைச் சற்றுப் பெரிதாக வையுங்கள்.

லினோவில் செதுக்கிக் கவிதையையே அச்சிட ஆசைப்படுவோர் உண்டு. படத்தை லினோவில் செதுக்குங்கள், எழுத்தை ஸ்கிரீனில் அடியுங்கள் என்பதே எங்கள் அறிவுரை. விடாப்பிடியாக எழுத்தையும் செதுக்கினால் எழுத்தின் உயரம் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கண்ணால் பார்த்துத் திருப்பி வரையாதீர்கள். டிரேசிங் தாளில் நேராக எழுதி, தாளைக் கவிழ்த்துத் தேய்த்து இறக்குங்கள். ‘ப’ இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் தவறு தெரியாது. ‘ட’ வந்ததும்தான் மாட்டிக்கொள்வோம். ‘கொ’ இன்னும் மோசம்: கட்டையில் இடமிருந்து வலமாகக் கால், ககரம், கொம்பு என்று நிற்க வேண்டும், மூன்றும் தனித்தனியாகவும் திரும்பியிருக்க வேண்டும்.

ஓவியர் கையாலேயே கவிதையை எழுதுவதானால், எழுத்தைப் படத்தின் மேல் நேரடியாக எழுதாமல் தனித் தாளில் ஒன்றரை மடங்கு பெரிதாக எழுதி, பிறகு சுருக்குங்கள். ஓவியர் எழுத்தை வடிவமாகப் பார்க்கிறார். அதனால்தான் அவர் கையில் ஒற்று அடிக்கடி விழுந்துபோகிறது, றகரமும் ரகரமும் மாறுகின்றன. கவிஞர் பார்த்தாலும் போதாது. தன் கவிதையில் இல்லாத எழுத்தையும் மனதால் நிரப்பிப் படிப்பவர் அவர். மூன்றாவது ஒருவர் மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சொல்ல, மற்றவர் சரிபார்க்க வேண்டும்.

கண்காட்சிக்கு ஒரு வார்த்தை: நின்று படிக்கும் கவிதை 24 பாயிண்டுக்குக் குறையக் கூடாது, தொகுப்பின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், பளபளக்கும் ஃபிளெக்ஸ் வேண்டாம்.

உரிமை பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நட்பு முறிவது இங்கேதான். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பங்களிப்பைப் பிரித்தறிய முடியாதபோதுதான் அது கூட்டுப் படைப்பு. கவிதையும் அதன் பக்கத்துப் படமும் பிரித்தறியக் கூடியவை. எனவே கவிதைக்குக் கவிஞரும் ஓவியத்துக்கு ஓவியரும் தனித்தனி உரிமையாளர்கள். கவிஞர் படத்தை மட்டும் தன் அடுத்த தொகுப்பின் அட்டையில் போட முடியாது. ஓவியர் கவிதை வரியோடு நாட்காட்டி போட முடியாது. ஆனால் 17 ஆம் பிரிவில் ஒரு கண்ணி இருக்கிறது: ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். கவிஞர் அன்பாகக் கொடுத்த சிறு தொகைகூட இந்தக் கேள்வியைக் கிளப்பலாம். உங்கள் பத்திரிகையின் சம்பளப் பட்டியலில் உள்ள ஓவியர் பணியின் பகுதியாக வரைந்ததற்கோ, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை மட்டுமே நிறுவனத்துக்கு. மற்ற வகையில் உரிமை ஓவியருடையது. 19 ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். படத்தை வெட்டி, நிறம் மாற்றி, படைப்பாளியின் பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் 57 ஆம் பிரிவு துணைக்கு வரும். உரிமையை விற்ற பிறகும் அது படைப்பாளியிடமே இருக்கும்.

இதற்கு வக்கீல் வேண்டியதில்லை. ஒரு பக்கத் தாள் போதும்: எத்தனை பிரதி, யாருக்கு எத்தனை, மறு அச்சு உண்டா, தனித்தனியாகப் பயன்படுத்தலாமா, மூலப்படம் யாரிடம் இருக்கும், பெயர்கள் எந்த வரிசையில், எந்த அளவில். விற்பனையில் தாள், மை, ஸ்கிரீன், அச்சுக்கூலி கழித்து மீதியைக் கவிஞரும் ஓவியரும் பாதி பாதியாகப் பிரிப்பது எங்களுக்கு நியாயமாகப் படுகிறது. ஓவியருக்குத் தொகை, கவிஞருக்கு ‘இரண்டு பிரதி’ என்ற வழக்கம் ஒழிய வேண்டும். எண்ணிட்ட பிரதிகளில் இருவரும் பென்சிலால் கையெழுத்திடட்டும்; அச்சிட்டவர் பெயர் பின்பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் பக்கத்துக்குத் திரும்பினால், செலவில்லாமல் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கவிதை தேர்வானதும், உங்கள் வடிவமைப்பாளர் அதைப் பக்க அளவில் இரண்டு மூன்று விதமாகக் கோத்து, படமே இல்லாமல், ஒரு பி.டி.எஃப். ஆக்கட்டும். அதைக் கவிஞருக்கும் ஓவியருக்கும் ஒரே நாளில், ஒரே மின்னஞ்சலில், அச்சுத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாக அனுப்புங்கள். மூவருடைய தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நூல் வடிவமைப்பிலும் ஸ்கிரீன் அச்சிலும் பணிபுரியும் இருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை 5.